அண்ணியின் கேஸ் லிப்டும் அண்ணனின் தலையாட்டிகளும்

எங்கள் எண்ணெய் வயலில் அண்ணி என்றால் ஒருவர்தான். எனக்கு அவர் உறவு முறைப்படியே அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர். மற்றவர்களுக்கு எப்படி அண்ணியானார் என்று சொல்ல வேண்டும். அண்ணனிடம் வேலை பார்த்த ஆட்கள் அவனை அண்ணன் என்று கூப்பிட்டு வந்தார்கள். அதுவரை 'மேடம்' ஆக இருந்த உற்பத்திப் பிரிவு இன்ஜினியரை, கல்யாணமான மறுவாரமே அண்ணி ஆக்கிவிட்டார்கள். பிறகு வாசலில் நிற்கும் காவலாளி முதல் ஸ்டோர் ஆட்கள் வரை எல்லோருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. வயலின் தலைமை மேலாளரான பெரிய சார் மட்டும் கொஞ்ச காலம் பிடிவாதமாக மேடம் என்றே சொல்லிவந்தார். ஒரு நாள் மீட்டிங்கில் வாய் தவறி அவரும் அண்ணி என்று சொல்லிவிட்டார். அண்ணி முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "சொல்லுங்க சார்" என்றார். அதோடு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நானும் அதே வயலில்தான், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கிணற்றிலிருந்து வரும் எண்ணெயைக் குப்பியில் பிடித்துவந்து, அதில் தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு, மெழுகு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன். அதனால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்கள் இருவரும் போட்ட சண்டை ஒன்றுகூட எனக்குத் தப்பியதில்லை.

அண்ணி சேர்ந்த காலத்தில் வயலுக்கு வயதாகத் தொடங்கியிருந்தது. எண்ணெய், பூமிக்கடியில் குளம் போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. கிணறு போட்டதும் அந்த அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். வருடங்கள் போகப் போக அழுத்தம் இறங்கும். எண்ணெய் பாதிக் கிணறு வரை ஏறி அப்படியே நின்றுவிடும். கீழே சரக்கு ஏராளமாக இருக்கும், மேலே வரத்தான் தெம்பு இருக்காது. அப்போது யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.

அப்படித் தூக்கிவிடுகிறவன் என் அண்ணன். கிணற்றின் மேலே ஒரு பெரிய இரும்பு உத்தரம், தண்ணீர் இறைக்கும் ஏற்றம் மாதிரி மேலும் கீழும் அசையும். அதன் ஒரு முனையில் தொங்கும் இரும்பு ராடுகள், ஒன்றோடு ஒன்று திருகி இணைத்தபடி, கிணற்றின் அடி வரை போய் அங்கே இருக்கும் பம்பை இழுத்து இழுத்து விடும். ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் எண்ணெய் மேலே வரும். நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அந்த இயந்திரத்துக்கு எங்கள் வயலில் தலையாட்டி என்று பெயர். அவற்றைப் பராமரித்த அண்ணனையும் முதுகுக்குப் பின்னால் தலையாட்டி என்றுதான் சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் லேசில் ஒத்துக்கொள்ளாத ஆசாமிக்கு அந்தப் பெயர் வாய்த்தது எனக்குப் பெரிய வேடிக்கை. என்னைவிட இரண்டே வயது மூத்தவன் என்பதால் நான் நேரிலேயே சொல்லிச் சிரிப்பேன்.

வயல் இரண்டு பகுதியாக இருந்தது. கிழக்கே வெட்டவெளியில் நேராக இறங்கிய கிணறுகள். மேற்கே ஒரு பெரிய ஏரி. எண்ணெய் ஏரிக்கு அடியில் இருந்ததால் கரையில் நின்று சாய்வாகத் துளைத்திருந்தார்கள். அண்ணனுக்கு வந்த தொல்லை எல்லாம் அந்த ஏரிக்கரைக் கிணறுகளால்தான். சாய்ந்த குழாய்க்குள் ராடு மேலும் கீழும் போகும்போது ஒரே பக்கம் உரசும். ஒன்று குழாய் ஓட்டையாகும், இல்லாவிட்டால் ராடு முறியும். மணலும் சேர்ந்துகொள்ளும். முறிந்த ராடைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

அப்படி ஒரு ராடு முறிந்த இடத்தில்தான் இருவரும் முதலில் பேசிக்கொண்டார்கள். அண்ணி வேலைக்கு வந்த புதிது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்க வேலையில இருக்கற குறை இல்ல. கிணறே கோணல்" என்றார்.

"கிணறு கோணலா இருந்தா என்ன மேடம், நாங்க நேராத்தான் வேலை செய்வோம்" என்றான் அண்ணன்.

"அதான் பிரச்சனையே" என்றார் அவர்.

அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் ஒரு வருடத்துக்குமேல் கிணறு கிணறாக நடந்தது. கடைசியில் கல்யாணப் பேச்சை எடுத்தவரும் அண்ணிதான். "தினமும் சண்டை போடத்தான் போறோம். ஒரே வீட்டுல இருந்துட்டா அலைச்சலாவது மிச்சம்" என்றாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது. எங்கள் அம்மா, "பொண்ணுக்கு வாய் இருக்கு. உனக்கு அதுதான் சரி" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் வயலில் அவன் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் 'நீ'. வீட்டிலேயே மேடம் என்று ஆரம்பித்தால் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். அம்மாவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

ஏரிக்கரைக் கிணறுகளிலிருந்து ராடுகளையே எடுத்துவிட வேண்டும் என்பது அண்ணியின் திட்டம். அதற்குப் பதில் கேஸ் லிப்ட். ஒரு மாலை அடுக்களையில் நின்றுகொண்டு அம்மாவுக்கு விளக்கினார்.

"அத்தை, கிணத்துக்குள்ள ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய் இருக்கு. உள் குழாய்ல எண்ணெய் பாதியில நிக்குது. ஏன்னா அது கனம். கீழ இருக்கற அழுத்தத்தால அந்தக் கனத்தைத் தள்ள முடியல. நான் ரெண்டு குழாய்க்கும் நடுவால வாயுவை அழுத்தி இறக்கி, வால்வு வழியா உள் குழாய்க்குள்ள விடுவேன். எண்ணெய் முழுக்கக் குமிழியாயிடும். லேசாயிடும். மிச்சம் இருக்கற அழுத்தமே அதை மேல தள்ளிடும்."

"பால் பொங்கற மாதிரின்னு சொல்லு."

"அதேதான்."

"அந்த வாயுவுக்கு எங்க போவ?"

அண்ணி ஜன்னலைக் காட்டினார். வயலின் ஓரத்தில், எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை ஓர் உயரமான குழாயின் முனையில் எரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுக்களைச் சுவர் அந்தி சாய்ந்தால் எப்போதும் செம்மஞ்சளாக ஆடும். "அதைத்தான். வீணா எரியுது. ஒரு கம்ப்ரஸர் வெச்சு அழுத்தினாப் போதும்" என்றார்.

மீட்டிங்கில் பெரிய சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"வேண்டாம் சார்" என்றான் அண்ணன். "தலையாட்டி ஒண்ணு நின்னா ஒரு கிணறுதான் நிக்கும். இதுல எல்லாக் கிணத்துக்கும் ஒரே கம்ப்ரஸர். அது படுத்தா அத்தனையும் சேர்ந்து படுக்கும்."

"படுக்காம பார்த்துக்கலாம்" என்றார் அண்ணி. சற்றும் யோசிக்காமல் சொன்ன பதில் அது.

பெரிய சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏரிக்கரையில் ஒரு கிணற்றை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்.

அன்று வீட்டில் அவன் மேடம் என்று ஆரம்பித்தான். நாங்கள் தட்டை எடுத்தோம். கதவு சாத்தவில்லை, அதனால் எல்லாம் கேட்டது.

"மேடத்துக்குக் கிணறு தெரியுது. ஆளுங்க தெரியல. ராடு இல்லேன்னா என் கேங்குக்கு என்ன வேலை? நாளைக்கு அவங்களை வெளிய அனுப்பினா நான் எந்த முகத்தோட நிப்பேன்?"

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. கம்ப்ரஸர் படுக்கும், கிணறு படுக்கும்னு ஏன் சுத்தி வளைச்சீங்க?"

"அதுவும் உண்மைதான்."

"சரி, ரெண்டும் உண்மை. இதையும் கேளுங்க. வால்வை இறக்கறது, எடுக்கறது, சுத்தம் பண்றது எல்லாத்துக்கும் ஆள் வேணும். வெளியிலிருந்து நான் கொண்டுவர மாட்டேன். உங்க ஆளுங்களுக்கே பயிற்சி. இதை எழுதிக் குடுத்தாத்தான் நான் திட்டத்துல கையெழுத்து வைப்பேன்னு பெரிய சார்கிட்ட சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னார். "போன வருஷம் ஏரிக்கரையில ராடு எடுக்கும்போது உங்க ஃபிட்டருக்கு ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துல நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?"

 "சாப்பாடு ஆறுது" என்று அண்ணன் சொன்னது மட்டும் கேட்டது. அம்மா என்னைப் பார்த்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினாள்.

ராடுகளை வெளியே எடுத்து, வால்வுகள் பொருத்திய புதுக் குழாயை இறக்கியது அண்ணனின் கேங்தான். எதிர்த்துப் பேசிய வேலையையும் அவன் அரைகுறையாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வோர் இணைப்பையும் தானே கை வைத்துப் பார்த்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெடி மேடம்" என்று ஒதுங்கி நின்றான்.

கிணற்றுக்கு முதன்முதலாக வாயு விடும் நாளில் பாதி வயல் அங்கே வந்து நின்றது. கம்ப்ரஸரை ஓட்டியவரை எல்லோரும் மாமா என்பார்கள். கம்ப்ரஸர் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால் காது கொஞ்சம் மந்தம். அதை ஈடுகட்ட ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். வால்வில் கை வைத்து, "முழுசா திறந்துடட்டுமா?" என்றார்.

"மெதுவா மாமா. ரெண்டு குழாய்க்கும் நடுவுல தண்ணி நிறைஞ்சு நிக்குது. மொதல்ல அது வெளிய போகணும். அவசரப்பட்டா தண்ணி பாய்ஞ்சு வால்வோட வாயை அறுத்துடும்."

"என்னது, வாயை மூடவா?"

"மெதுவா திறக்கச் சொன்னேன்."

மணிக்கணக்காக ஒன்றும் வரவில்லை. கேஜில் முள் மட்டும் நத்தை மாதிரி ஏறியது. வெயில் உச்சிக்கு வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடக் கிளம்பினார்கள். பெரிய சார் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.  அண்ணியோ ஒரு குழாயின் மேல் உட்கார்ந்து, கையிலிருந்த ரொட்டியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"பயமா இல்லையா அண்ணி?"

"எதுக்கு? முள்ளு ஏறுது. ஏற வேண்டிய வேகத்துல ஏறுது. வரும்."

பிறகு குழாய் ஒரு முறை உதறியது. உள்ளே ஏதோ உருண்டு வருகிற சத்தம். ஒரு பெரிய மிடறு அளவு தண்ணீர் வந்து விழுந்தது, நின்றுவிட்டது.

"கிணறு இருமுது" என்றார் கேங்கில் ஒருவர்.

"தொண்டையைச் சரி பண்ணிக்குது. பாடும்" என்றார் அண்ணி.

மறுபடி உதறியது. தண்ணீர், சேறு, பிறகு கறுப்பும் பழுப்புமாக நுரைத்துக்கொண்டு எண்ணெய். இந்த முறை நிற்கவில்லை. நான் குப்பியைப் பிடித்தேன். கையில் கதகதப்பாக இருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "வருது" என்றான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு. அண்ணி மீதி ரொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கிணற்றைப் பற்றிப் பேச ஜீப்பை நோக்கி நடந்தார்.

இரண்டு வருடத்துக்குள் ஏரிக்கரை முழுவதும் மாறிவிட்டது. ராடோடு பம்பு வைத்திருந்தபோது கொடுத்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பாக எண்ணெய் கொடுத்தன அந்தக் கிணறுகள். அண்ணனின் ஆட்கள் மெல்லிய கம்பியில் கருவியைக் கட்டி இறக்கி, ஆழத்தில் இருக்கும் வால்வைப் பிடுங்கி எடுத்து வேறொன்று வைக்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு விரல் இழந்த ஃபிட்டர்தான் அதில் கைதேர்ந்தவர். எரிந்துகொண்டிருந்த சுடரும் சுருங்கிப்போனது. "சாயந்திரமானா இப்ப விளக்குப் போட வேண்டியிருக்கு" என்று அம்மா மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

வெற்றி யாரையும் கொஞ்சம் ஆட்டித்தான் பார்க்கும். அண்ணிக்கு அந்த நாட்களில் கால் தரையில் படவில்லை. கிழக்குக் கிணறுகளையும் மாற்றிவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லாம் ஒரே முறையில் ஓடினால் பராமரிப்பது சுலபம் என்பது அவர் வாதம்.

"நேரான கிணறு. மணல் கிடையாது. ஒழுங்கா ஓடற பம்பு. அதை எதுக்குத் தொடணும்?" என்றான் அண்ணன், வீட்டில்.

"இன்னும் ஒழுங்கா ஓடட்டுமே."

"மொதல்ல ரெண்டாவது கம்ப்ரஸரை வாங்கச் சொல்லு. ஒண்ணை நம்பி இத்தனை கிணறு நிக்குது."

"அது அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். மாமா அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கறார்."

அண்ணி பெரிய சாரிடமும் அதையே சொல்லியிருந்தார். கிழக்குக் கிணறுகளைத் தொடுவதற்கு முன் குளிர்காலம் வந்துவிட்டது.

மாமா ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் காலை ஆய்வுக்கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். முதன்முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அச்சு முறிஞ்சிடுச்சும்மா. அண்ணிக்கு போன் போடு."

கம்ப்ரஸரின் நடு அச்சு இரண்டாக விட்டுப்போயிருந்தது. மாற்று வந்து சேரப் பல நாட்கள் ஆகும். மதியத்துக்குள் ஏரிக்கரைக் கிணறுகள் ஒவ்வொன்றாக அடங்கின. வரும்படி குறைந்ததுகூடப் பெரிதில்லை. எங்கள் எண்ணெயில் மெழுகு அதிகம். சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை தண்ணீர் மாதிரி இருக்கும். ஆறி நின்றால் மெழுகுவர்த்தி மாதிரி உறைந்துவிடும். சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் நீளமான குழாய், குளிரில் கிடக்கும் வெட்டவெளி வழியாகப் போகிறது. அதில் ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் முழுக் குழாயும் அடைத்துக்கொள்ளும். பிறகு வயலையே மாதக்கணக்கில் மூட வேண்டியதுதான்.

அண்ணி கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் என்னைத்தான் கேட்டார். "இந்தக் குளிருக்கு எவ்வளவு தாங்கும்?"

"டேங்கில இருக்கறதை மெதுவா அனுப்பினா சாயந்திரம் வரைக்கும் ஓட்டலாம் அண்ணி. அதுக்கப்புறம் புதுசா எண்ணெய் வந்தாகணும்."

அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு பெரிய சார் பக்கம் திரும்பினார். அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"ரெண்டாவது கம்ப்ரஸர் இப்ப வேண்டாம்னு சொன்னது நான்தான் சார். தப்பான முடிவு. அதைப் பத்தி அப்புறம் உட்கார்ந்து பேசலாம். இப்ப ரெண்டு வழி இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் செய்யணும்."

அண்ணனைப் பார்த்தார். "கிழக்குப் பம்புகளை எவ்வளவு வேகமா ஓட்டலாம்?"

நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவன் தொண்டை வரைக்கும்கூட வரவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எல்லாத்தையும் ஏத்த முடியாது. சில கிணத்துல அடியில எண்ணெய் ஊறவே நேரமாகும். அதை வேகமா ஓட்டினா பம்பு எண்ணெய் இல்லாம வெறுமனே இடிக்கும், ராடு போயிடும். நல்லா ஊறற கிணறுன்னா பாதிக்கு மேல இருக்கு. வேகம் ஏறணும்னா மோட்டார்ல பெல்ட் சுத்தற புல்லியைப் பெருசா மாட்டணும்."

"புல்லி இருக்கா?"

"ஏரிக்கரையில நீ கழட்டச் சொன்னது எல்லாம் என் யார்டுலதான் கிடக்கு."

"நீ" என்று அவன் வயலில் சொன்னதை இருவருமே கவனிக்கவில்லை. அவன் கேங்கை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கிழக்கே போனான்.

அண்ணியின் வழி வேறு. ஏரிக்கரையில் மூடிவைத்த ஒரு கிணறு இருந்தது. எண்ணெய்க்காகத் தோண்டியதில் வெறும் வாயுதான் கிடைத்தது, அதனால் அடைத்துவிட்டார்கள். அந்த வாயுவுக்குக் கம்ப்ரஸர் தேவையில்லை. அது பிறவியிலேயே பெரும் அழுத்தத்தில் இருந்தது. அதை ஒரு குழாய் வழியாகக் கேஸ் லிப்ட் லைனில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அடங்கிய கிணறுகளில் சிலவற்றையாவது எழுப்பலாம்.

குழாயை வெல்டிங் வைத்து முடித்ததும் பெரிய சார், "திறந்துடலாமா?" என்றார்.

"தண்ணி விட்டுச் சோதனை பண்ணாம முடியாது சார்."

"நேரம் இல்லம்மா."

"சார், இந்த அழுத்தத்துல ஒரு வெல்டு விட்டா இங்க நிக்கிற யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். சோதனைக்கு நேரம் இருக்கு."

சோதித்தார்கள். ஓர் இணைப்பு கசிந்தது. அதை வெட்டி மறுபடி வைத்தார்கள். அதன் பிறகு பெரிய சார் அவசரப்படுத்தவே இல்லை.

வாயுவைத் திறந்ததும் இன்னொரு வில்லங்கம். பெரிய அழுத்தத்திலிருந்து சின்ன அழுத்தத்துக்கு இறங்கும் இடத்தில் வாயு பயங்கரமாகக் குளிர்ந்தது. அழுத்தம் குறைக்கும் வால்வின் மேல் கண்ணெதிரே வெள்ளையாகப் பனி பூத்தது. உள்ளே ஐஸ் அடைத்து ஓட்டம் நின்றுவிட்டது. அண்ணி கேன்டீனுக்குப் போன் போட்டார். கேன்டீன்காரர் அண்டா அண்டாவாகக் கொதிநீரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாக்கை வால்வின் மேல் சுற்றி, விடாமல் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். கேன்டீன்காரர், "இத்தனை வருஷமா இந்தத் தண்ணியில டீ போட்டா நல்லாயில்லேன்னு சொன்னீங்க. இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்.

வயர்லெஸ்ஸில் அண்ணனின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"மேடம், பனைமரத்துக் கிணறு வேகம் ஏத்தியாச்சு."

"ராடு தாங்குதா?"

"தாங்குது. அடுத்ததுக்குப் போறோம்."

இப்படியே ஏழெட்டுத் தடவை. ஒரு தடவை பதில் சொல்லி முடித்த பிறகும் அவன் பொத்தானை விடவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டான். வயல் முழுக்க எல்லா வயர்லெஸ்ஸிலும் அது கேட்டது.

அண்ணி ஒரு நொடி திகைத்தார். "அதை வீட்டுல கேளுங்க" என்றார். கொதிநீர் வாளியோடு நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பாதி களைப்பு போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் முதல் கிணறு இருமத் தொடங்கியது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. கிழக்கே தலையாட்டிகள் வழக்கத்தைவிட வேகமாக ஆடிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வம்புப் பேச்சில் எல்லாம் ஒரே நேரத்தில் ஆமோதிப்பது போல இருந்தது. ஒரே ஒரு ராடு முறிந்தது. ஓட்டம் தேவையான அளவைத் தொட்டது, பிறகு தாண்டியது. ஆலைப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "எண்ணெய் வந்துட்டிருக்கு, சூடும் இருக்கு" என்று சொன்னபோது பெரிய சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

புது அச்சு வந்து சேரும் வரை இரு பக்கமும் அப்படியே ஓடியது. கேங் ஆட்கள் முறை வைத்துக்கொண்டு வால்வில் வெந்நீர் ஊற்றினார்கள். பிறகு வெல்டர் அங்கேயே ஒரு சின்ன சூடாக்கி செய்து மாட்டிவிட்டார்.

அடுத்த மீட்டிங்கில் அண்ணி எழுந்து, கிழக்குக் கிணறுகளை மாற்றும் திட்டத்தைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டாவது கம்ப்ரஸர் உடனே வேண்டும் என்றார். வாயுக் கிணற்று இணைப்பை நிரந்தரமாக்க வேண்டும் என்றார். குரலில் தயக்கமே இல்லை. திட்டத்தைக் கொண்டுவந்தபோது எப்படிப் பேசினாரோ, திரும்ப வாங்கும்போதும் அப்படியே. பெரிய சார் வழக்கம்போல அண்ணனைப் பார்த்தார்.

"மூணும் சரி சார்" என்றான் அண்ணன். "ஏரிக்கரைக்கு கேஸ் லிப்ட்தான் சரி. அதையும் எழுதிக்கோங்க."

அது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. பெரிய சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது அண்ணி உட்கார்ந்திருக்கிறார். கம்ப்ரஸர் இரண்டும் மாறி மாறி ஓடுகின்றன. மாமா ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு முறை வந்து இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, உரக்க விசாரித்துவிட்டுப் போகிறார்.

கிழக்குக் கிணறுகளில் இப்போது தண்ணீர் அதிகம். பீப்பாய் பீப்பாயாக இறைத்தால்தான் கொஞ்சம் எண்ணெய் தேறும். அந்த அளவை ராடு பம்பால் இழுக்க முடியாது என்று அண்ணனே வந்து சொன்னான். அதனால் போன மாதம் ஒரு கிணற்றில் மின்சாரப் பம்பை, மோட்டாரோடு சேர்த்துக் கிணற்றின் அடிக்கே இறக்கினார்கள். மேலே தெரிவது ஒரு குழாயும் ஒரு கேபிளும் ஒரு மீட்டர் பெட்டியும்தான்.

அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஒண்ணுமே அசையல. ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"மீட்டரைப் பாருங்க. மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு காட்டுது" என்றார் அண்ணி.

"மீட்டர் என்ன வேணா காட்டும்" என்று குனிந்து குழாயில் காதை வைத்தான். நெடுநேரம் அப்படியே நின்றான்.

"என்ன சொல்லுது?"

"ஓடுது. ஆனா ஏதோ கரகரன்னு ஒரு சத்தம். மணலா இருக்குமோ?"

அண்ணியும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபக்கம் காதை வைத்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "மாமா கூடப் பழகி உனக்கும் மந்தமாயிடுச்சு" என்றான் அவன். வந்துகொண்டிருந்ததைக் குப்பியில் பிடித்துக்கொண்டு நான் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினேன். மணல் இருக்கிறதா இல்லையா என்று மதியத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இருவருமே சொல்லியிருந்தார்கள்.